வில் வேட்டைக்கு மரப்பரண்: இடத்தையும் உயரத்தையும் முடிவு செய்யும் முறை

வெள்ளைவால் மானை வில்லால் வேட்டையாடப் புதிதாக வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "பரணை எத்தனை அடி உயரத்தில் கட்ட வேண்டும்?" என்பதுதான். உண்மையில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. மான் எந்த வழியாக நடக்கிறது, காற்று எந்தப் பக்கம் போகிறது, நீங்கள் எந்த வழியாக உள்ளே வருகிறீர்கள் என்ற மூன்றும் தெரிந்த பிறகுதான் மரத்தைத் தேர்ந்தெடுக்க முடியும். மரம் முடிவான பிறகுதான் உயரத்துக்குப் பொருள் உண்டு. இந்த வரிசையை மாற்றியவர்கள் நல்ல பரணில் உட்கார்ந்து மான் இல்லாத காட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புவதை ஆண்டுதோறும் காண்கிறேன்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தின் தென்பகுதியை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். மக்காச்சோளமும் சோயாவும் விளையும் வயல்கள், அவற்றுக்கு நடுவே சிறு சிறு ஓக் தோப்புகள், கோரைப்புல் மண்டிய சதுப்புகள் என்று கிடக்கும் நிலம் அது. பக்கத்து மாநிலங்களிலும் அடிப்படை இதுவேதான், சட்ட விதிகள்தாம் மாறும். டெட்ராய்ட் பக்கத்து ஊர்களில் இருக்கும் தமிழ் நண்பர்கள் சிலர் உரிமம் எடுத்துவிட்டு இதையெல்லாம் கேட்டதால் தமிழில் எழுதுகிறேன். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம் என்பதால் இந்த வழிகாட்டி அங்கே பொருந்தாது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

1960 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் மிச்சிகனில் வேட்டை உரிமம் வாங்க, வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். வில் வேட்டைக் காலம் அக்டோபர் 1 முதல் நவம்பர் 14 வரையும், பிறகு டிசம்பர் 1 முதல் ஜனவரி 1 வரையும் அமைகிறது. நவம்பர் 15இல் துப்பாக்கிக் காலம் தொடங்கும். மாநில இயற்கை வளத் துறை ஒவ்வோர் ஆண்டும் விதிப்புத்தகம் வெளியிடுகிறது. அதில் பரண் பற்றிய பக்கத்தை முதலில் படியுங்கள். பொது நிலத்தில் ஆணி, திருகாணி, திருகிச் செருகும் படி என்று மரத்தைத் துளைக்கும் எதையும் பயன்படுத்தக் கூடாது. பரணில் உரிமையாளரின் அடையாளம் எழுதப்பட்டிருக்க வேண்டும். எப்போது கட்டலாம், எப்போது கழற்ற வேண்டும் என்பதற்கும் தேதி உண்டு.

தனியார் நிலமென்றால் உரிமையாளரின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். பக்கத்து நிலத்துக்காரரிடமும் பேசி வைப்பது நல்லது. அம்பு பட்ட மான் நின்ற இடத்திலேயே விழுவது அபூர்வம். நூறு கெஜம் ஓடி வேலியைத் தாண்டிவிட்டால், அனுமதி இல்லாமல் அதைத் தேடி உள்ளே போக உங்களுக்கு உரிமை இல்லை. எல்லை வேலியை ஒட்டிப் பரண் கட்டக் கூடாது என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

பொருள்களில் பரண், உடல் முழுவதும் மாட்டும் ஹார்னஸ் என்ற பாதுகாப்பு வார், தரையிலிருந்து பரண் வரை தொங்கும் பாதுகாப்புக் கயிறு, வில்லை மேலே இழுக்கும் சிறு கயிறு, தூரமானி, காற்றின் போக்கைக் காட்டும் வாசனையில்லாத தூள் நிரப்பிய குப்பி ஆகியவை போதும். பரண்களில் ஏணிப் பரண், பட்டையால் மரத்தோடு இறுக்கும் தொங்கு பரண், மரத்தைப் பற்றியபடி நம்மோடு மேலேறும் ஏறு பரண் என்று வகைகள் உண்டு. இடுப்பு வாரில் தொங்கியபடி எய்யும் சேடில் முறையும் இப்போது பரவியிருக்கிறது. முதல் பருவத்துக்கு ஏணிப் பரணைத்தான் பரிந்துரைப்பேன். அதிக உயரம் போகாது. ஆனாலும் ஏறி இறங்குவதில் ஆபத்து குறைவு, உட்காரவும் வசதி.

1. மான் படுக்கும் இடத்தையும் தின்னும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்

இந்த வேலைக்கு ஏற்ற காலம் பிப்ரவரி, மார்ச். இலை உதிர்ந்து, பனி இருக்கும்போது மான் தடங்கள் கோடு போட்டதுபோலத் தெரியும். முந்தைய இலையுதிர் காலத்தில் ஆண் மான்கள் கொம்பு தேய்த்து உரித்த மரப்பட்டைகளும், குளம்பால் தரையைக் கீறிய இடங்களும் அப்படியே இருக்கும். அப்போது காட்டைக் கலைத்தாலும் அக்டோபருக்குள் மான்கள் அதை மறந்துவிடும். செப்டம்பர் கடைசியில் போய்த் தேடுகிறவர்கள் தங்கள் வாசனையைக் காடு முழுக்கப் பரப்பிவிட்டு, அடுத்த வாரமே அங்கே மானுக்காகக் காத்திருக்கிறார்கள்.

வெள்ளைவால் மான் விடியலிலும் அந்தியிலும் அதிகம் நடமாடும். பகலில் கோரைப் புதர், சதுப்பு நடுவே உள்ள மேடு, அடர்ந்த இளங்காடு போன்ற இடங்களில் படுக்கும். மாலையில் தீனிக்குப் போகும். பரணுக்கான இடம் இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கிறது.

தீனி மாதத்துக்கு மாதம் மாறும் என்பதைப் புதியவர்கள் கவனிப்பதில்லை. ஆகஸ்டில் மந்தையாக மான் மேய்ந்த சோயா வயல், இலை மஞ்சளித்ததும் காலியாகிவிடும். அப்போது அவை ஓக் கொட்டைக்குப் போகும். ஓக்கிலும் வெள்ளை ஓக்கின் கொட்டையில் துவர்ப்பு குறைவு, அதனால் மான் அதையே முதலில் தேடும். இலையின் மடல்கள் வட்டமாக முடிந்தால் வெள்ளை ஓக், கூராக முடிந்தால் சிவப்பு ஓக். அக்டோபர் முதல் வாரத்தில் கொட்டை சொரியும் ஒற்றை வெள்ளை ஓக் மரம் நூறு ஏக்கர் வயலைவிட மதிப்புள்ளது.

பிறகு தடம் குறுகும் இடங்களைத் தேடுங்கள். இரண்டு தோப்புகளை இணைக்கும் மரவரிசை, ஓடையைக் கடக்கும் தாழ்வான கரை, வேலி சரிந்த இடம், வயல் தோப்புக்குள் முனையாக நுழையும் மூலை, இரண்டு மேடுகளுக்கு நடுவே உள்ள தாழ்வு ஆகியவை அப்படிப்பட்டவை. வில்லின் எல்லை சிறியது. முந்நூறு கெஜம் அகலமான காட்டில் மான் எங்கு வேண்டுமானாலும் நடக்கும். அந்தக் காடு முப்பது கெஜமாகச் சுருங்கும் இடத்தில் உங்கள் எல்லைக்குள் நடந்தே தீரும். நவம்பர் இனச்சேர்க்கைக் காலத்தில் ஆண் மான்கள் பெண் மான்களைத் தேடிப் பகலிலும் இந்த இடுக்குகள் வழியாகவே அலையும்.

2. காற்றை முடிவு செய்யுங்கள்

மானை ஏமாற்றும் முயற்சியில் கண்ணையும் காதையும் ஓரளவு சமாளிக்கலாம், மூக்கை முடியாது. வாசனை நீக்கும் சோப்பும் தெளிப்பானும் உதவலாம். ஆனால் காற்று தவறாக இருந்தால் அவை உங்களைக் காப்பாற்றாது.

மான் வரும் பக்கத்திலிருந்து காற்று உங்களை நோக்கி வீச வேண்டும். அல்லது குறுக்காக வீசி, உங்கள் வாசனையை மான் நடக்காத நிலத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இரண்டாவதுதான் நடைமுறையில் அதிகம் கிடைக்கும். ஏனென்றால் வயதான ஆண் மான் காற்று தனக்குச் சாதகமாக இருக்கும் வழியிலேயே நடக்க விரும்பும். அதற்கு ஏறக்குறைய சாதகமாகவும், கடைசி இருபது கெஜத்தில் உங்களுக்குச் சாதகமாகவும் இருக்கும் ஓர் இடத்தைத் தேட வேண்டும். பரணுக்குப் பின்னால் குளமோ, திறந்த உழவு நிலமோ, ஏற முடியாத கரையோ இருந்தால் வாசனையை அங்கே அனுப்பிவிடலாம்.

மிச்சிகன் தென்பகுதியில் காற்று பெரும்பாலும் மேற்கு, தென்மேற்கிலிருந்து வீசும். குளிர் அலை கடந்துபோனதும் வடமேற்காகத் திரும்பும். ஒரே பரண் எல்லாக் காற்றுக்கும் உதவாது. ஒரே தோப்பில் இரண்டு இடங்களைத் தயார் செய்து, ஒன்றைத் தென்மேற்குக் காற்றுக்கும் மற்றதை வடமேற்குக் காற்றுக்கும் ஒதுக்குங்கள். அன்றைய காற்று எதற்கும் பொருந்தவில்லை என்றால் வீட்டிலேயே இருங்கள். தவறான காற்றில் ஒரு மாலை உட்கார்ந்தால் அதற்குப் பிறகு வரும் பல மாலைகள் கெடும்.

வானிலைச் செய்தி சொல்லும் காற்று வேறு, சரிவிலும் பள்ளத்திலும் உண்மையில் நகரும் காற்று வேறு. வெயில் ஏறத் தரை சூடாகி, காற்று சரிவின் வழியே மேலே ஏறும். மாலையில் தரை குளிர்ந்ததும் தண்ணீர் வடிவதுபோலப் பள்ளத்தை நோக்கி இறங்கும். ஆகவே சரிவில் காலை வேட்டைக்கு மான் தடத்துக்கு மேலேயும், மாலை வேட்டைக்குக் கீழேயும் உட்காருவது பொது விதி. விடிந்த உடனே காற்று இன்னும் கீழ்நோக்கியே இறங்கிக்கொண்டிருக்கும். வெயில் பட்ட பிறகே அது திரும்பும் என்பதையும் கணக்கில் சேருங்கள். ஆழமான பள்ளத்தின் அடியில் காற்று சுழலும், அங்கே எந்த மரமும் நல்ல மரம் இல்லை.

தூள் குப்பி பக்கத்துக் காற்றை மட்டுமே காட்டும். தூரத்தை அறிய நான் நம்புவது மில்க்வீட் செடியின் பஞ்சு விதை. நம் ஊர் எருக்கின் உறவுச்செடி அது, காயை உடைத்தால் உள்ளே அதே பட்டுப் பஞ்சு. பரண் உயரத்திலிருந்து ஒன்றை விட்டுப் பாருங்கள். முப்பது கெஜம் தள்ளி அது எங்கே கீழிறங்குகிறதோ அங்கேதான் உங்கள் வாசனையும் இறங்கும்.

3. உள்ளே வரும் வழியும் வெளியே போகும் வழியும்

இடம் சரி, காற்று சரி, ஆனால் அங்கே போய்ச் சேர மானின் படுகையைத் தாண்டித்தான் நடக்க வேண்டும் என்றால் அந்த இடத்தைக் கைவிடுங்கள். இதைச் சொன்னால் ஏற்கப் பலருக்கும் மனம் வருவதில்லை. எழும்பி ஓடிய மான் உங்களை எச்சரித்துவிட்டுப் போவதில்லை. அது போனதே தெரியாமல் நீங்கள் மேலே உட்கார்ந்திருப்பீர்கள்.

விடியற்காலையில் மான்கள் வயலில் நிற்கும். அப்போது வயல் வழியாக நடந்தால் எல்லாவற்றையும் கலைத்துவிடுவீர்கள். எனவே காலைப் பரண் படுகைக்கு அருகில், பின்பக்கமாகச் சேரக்கூடிய இடத்தில் இருக்கட்டும். மாலைப் பரண் தீனிப் பக்கம் இருக்கலாம். அதில் சிக்கல் இறங்கும்போதுதான். இருட்டியதும் உங்களுக்கு எதிரே மான்கள் மேய்ந்துகொண்டிருக்கும். அவை நகரும் வரை காத்திருங்கள். இல்லாவிட்டால் நில உரிமையாளரை வண்டியோடு வந்து அவற்றை விரட்டச் சொல்லலாம். மான் வண்டிக்குப் பயந்து ஓடும், பரணோடு அதைச் சேர்த்துப் பார்ப்பதில்லை.

ஓடைப் படுகை, வடிகால் வாய்க்கால், வேலியோரம் ஆகியவை நல்ல வழிகள். கடைசி ஐம்பது கெஜத்தில் உள்ள சுள்ளிகளையும் காய்ந்த இலைகளையும் ஆகஸ்டிலேயே ஒதுக்கிவிட்டால் சத்தமின்றி நடக்கலாம்.

4. மரத்தைத் தேர்தல்

மான் தடத்தின் மேலேயே பரண் அமையக் கூடாது. தடத்திலிருந்து 15 முதல் 20 கெஜம் தள்ளி, காற்று போகும் பக்கத்தில் மரம் வேண்டும். தடத்தின் மேல் உட்கார்ந்தால் மான் நேரே உங்களைப் பார்த்து வரும், காலடியில் நிற்கும், செங்குத்தாகக் கீழே எய்ய நேரும்.

தூரம் கூடினாலும் தொல்லை உண்டு. வில்லின் நாண் எழுப்பும் ஒலி அம்பைவிட வேகமாகப் போகிறது. நொடிக்கு 280 அடி வேகத்தில் போகும் அம்பு 20 கெஜத்தைக் கடக்க 0.21 நொடி ஆகும். ஒலி 0.05 நொடியில் போய்விடும். நடுவே கிடைக்கும் நேரத்தில் மான் ஓடுவதற்காக உடலைத் தாழ்த்தும், அம்பு முதுகுக்கு மேலே போகும். 30 கெஜத்தில் அந்த இடைவெளி ஏறக்குறைய கால் நொடியாக வளர்கிறது. 15 முதல் 20 கெஜம் என்பது இந்த இரண்டு தொல்லைகளுக்கும் நடுவே கிடைக்கும் இடம்.

அடுத்து மரத்தின் உடல்நலம். 2002இல் டெட்ராய்ட் அருகே கண்டறியப்பட்ட மரகத ஆஷ் துளைப்பான் என்ற வண்டு, இந்தப் பகுதியின் ஆஷ் மரங்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றுவிட்டது. செத்த ஆஷ் எளிதில் முறியும். நிமிர்ந்து நிற்கிறதே என்று ஏறாதீர்கள். எந்த மரத்திலும் பட்டை உதிர்தல், அடியில் காளான், உச்சியில் காய்ந்த கிளைகள் தெரிந்தால் விலகுங்கள். மேலே தொங்கும் முறிந்த கிளைகளையும் அண்ணாந்து பார்க்க வேண்டும். ஷாக்பார்க் ஹிக்கரியின் பட்டை தகடு தகடாகப் பெயரும் என்பதால் ஏறு பரணுக்கு ஆகாது, சத்தமும் போடும். உயிரோட்டமுள்ள ஓக், மேப்பிள் போதும். தண்டின் பருமன் பரண் தயாரிப்பாளர் கொடுத்த அளவுக்குள் இருக்க வேண்டும்.

மூன்றாவது, மறைவு. ஆகஸ்டில் எல்லா மரமும் பச்சைக் கூடாரம்தான். அக்டோபர் கடைசியில் மேப்பிளும் ஆஷும் மொட்டையாகிவிடும். அப்போது இருபது அடி உயரத்தில் வானத்தைப் பின்னணியாகக் கொண்டு ஓர் ஆள் உருவம் தெளிவாகத் தெரியும். ஆகவே நவம்பரில் அந்த மரம் எப்படி இருக்கும் என்று கேட்டுக்கொண்டு தேர்ந்தெடுங்கள். காய்ந்த இலையைக் குளிர்காலம் வரை விடாமல் வைத்திருக்கும் இளம் ஓக், பீச் மரங்கள் அருகில் இருப்பது நல்லது. வெள்ளைப் பைன் போன்ற ஊசியிலை மரம் பின்னால் இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு மூன்று தண்டுகள் ஒரே அடியிலிருந்து கிளைத்த மரம் கிடைத்தால் விடாதீர்கள், உருவம் அவற்றுக்குள் உடைந்து மறையும். முன்னால் உள்ள மறைவைவிடப் பின்னால் உள்ள மறைவே முக்கியம்.

5. மரத்தின் எந்தப் பக்கத்தில் கட்டுவது

வலக்கையால் நாண் இழுப்பவர் உட்கார்ந்தபடி இடப்பக்கமும் முன்பக்கமும் எளிதாகத் திரும்பலாம். வலப்பக்கம் திரும்ப எழுந்து கால் மாற்ற வேண்டும். எனவே எதிர்பார்க்கும் தடம் உங்கள் இடப்புறம் இருக்குமாறு பரணைத் திருப்பிக் கட்டுங்கள். இடக்கைக்காரர்கள் மாற்றிக்கொள்ளலாம்.

மான் வரும் பாதைக்கும் உங்களுக்கும் நடுவே மரத்தண்டு இருக்கும்படி சற்றுப் பின்பக்கமாகக் கட்டுவது இன்னொரு முறை. மான் நெருங்கும்போது தண்டு உங்களை மறைக்கும். அது கடந்து போய், உடலைச் சற்று அப்புறம் திருப்பிய கோணத்தில் நிற்கும்போது எய்யலாம். வில்லுக்கு மிகச் சிறந்த கோணம் அதுதான். மானின் தலை மறுபக்கம் இருப்பதால் நாண் இழுக்கும் அசைவு அதன் கண்ணில் படுவது குறைவு. முன்னங்கால் எலும்பும் அம்புக்குத் தடையாகாது.

சூரியனையும் பாருங்கள். காலையில் கிழக்குமுகமாகவும் மாலையில் மேற்குமுகமாகவும் உட்கார்ந்தால் முகமும் கையும் ஒளிரும், உங்கள் கண்ணும் கூசும். இலையுதிர் காலத்தில் இங்கே சூரியன் நாள் முழுவதும் தெற்கே தாழ்ந்தே நகரும் என்பதால் தண்டின் வடக்கு முகத்தில் நிழல் அதிகம்.

6. இப்போது உயரம்

பெரும்பாலான இடங்களுக்கு மேடை 18 முதல் 22 அடி உயரத்தில் இருந்தால் போதும். நல்ல பின்மறைவு இருந்தால் 15 அடியே தாராளம். இதைக் கணக்கோடு புரிந்துகொண்டால், யாராவது 30 அடி என்று பெருமையாகச் சொல்லும்போது மயங்கமாட்டீர்கள்.

மேடை 20 அடியில் இருந்தால், நீங்கள் நின்று எய்யும் அம்பு ஏறக்குறைய 25 அடியில் புறப்படுகிறது. மானின் நெஞ்சு தரையிலிருந்து சுமார் 3 அடியில் இருக்கிறது. அம்பு இறங்க வேண்டியது 22 அடி. மான் 20 கெஜத்தில் நின்றால் அம்பு 20 டிகிரிச் சாய்வில் இறங்கும். 10 கெஜத்தில் அது 36 டிகிரி. 5 கெஜத்தில் 56 டிகிரி. மேடையை 30 அடிக்கு ஏற்றினால் 10 கெஜத்திலேயே 47 டிகிரி ஆகிவிடும். 15 அடியில் அதே 10 கெஜம் 30 டிகிரிதான்.

இந்தச் சாய்வு ஏன் முக்கியம்? மான் விரைவாகவும் வேதனை குறைவாகவும் சாக வேண்டுமானால் அம்பு இரண்டு நுரையீரல்களையும் துளைக்க வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் அந்த இலக்கு ஏறக்குறைய ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவு. மேலிருந்து பார்க்கப் பார்க்க அது ஒடுங்கும், நடுவே முதுகெலும்பு குறுக்கே வரும். செங்குத்தான அம்பு ஒரு நுரையீரலை மட்டும் துளைத்து இறங்கினால், அந்த மான் வெகுதூரம் ஓடி, கிடைக்காமலே போகலாம். விலங்கை எடுத்துக்கொள்ள முடிவு செய்தவருக்கு அதைக் காயத்தோடு விடாமல் இருக்கும் கடமையும் உண்டு. உயரத்தைக் குறைத்துக்கொள்ள எனக்கு வேறு காரணமே வேண்டாம்.

உயரம் தரும் பயன்களும் உண்மையே. மானின் வழக்கமான பார்வைக் கோட்டுக்கு மேலே இருப்பீர்கள், சிறு அசைவு மன்னிக்கப்படும். சீரான காற்றில் வாசனை சற்றுத் தள்ளிப் போய்த் தரையைத் தொடும். ஆனால் காற்று நின்று குளிரும் மாலையில் எத்தனை அடி ஏறினாலும் வாசனை கீழே இறங்கும். உயரத்தை நம்பிக் காற்றை மறந்தவர்களுக்கு மான் கிடைப்பதில்லை.

சரிவான நிலத்தில் அடிக்கணக்கு ஏமாற்றும். 20 டிகிரிச் சரிவில் நிற்கும் மரத்தில் 20 அடி ஏறுகிறீர்கள் என்று வையுங்கள். மேட்டுப் பக்கம் 15 கெஜம் தள்ளி நடக்கும் மான் நிற்கும் தரையே 16 அடி உயரத்தில் இருக்கும். அதன் கண் கிட்டத்தட்ட உங்கள் முழங்கால் மட்டத்தில். அதே உயரத்தில் பள்ளப் பக்கம் நடக்கும் மானுக்கு நீங்கள் 36 அடி மேலே. ஆகவே சரிவில் மரத்தடியிலிருந்து அளக்காதீர்கள், மான் நிற்கப்போகும் இடத்திலிருந்து அளங்கள். மேட்டுப் பக்கத்தில் தடம் இருந்தால் அந்த மரத்தையே விட்டுவிடுங்கள்.

உயரத்தை முடிவு செய்யும் முன் நண்பர் ஒருவரைத் தடத்தில் நடக்கவைத்துப் பாருங்கள். அவர் குனிந்து மானின் கண் உயரத்திலிருந்து உங்களைப் பார்க்கட்டும். எந்த உயரத்தில் கிளைகளுக்குள் உருவம் கரைகிறதோ, அதுவே அந்த மரத்தின் உயரம். சில மரங்களில் அது 16 அடியாக இருக்கும், அதற்கு மேல் ஏறினால் வானம்தான் பின்னணி. கடைசியாக உங்கள் மனத்தையும் கேளுங்கள். நடுக்கம் வரும் உயரத்தில் யாரும் நன்றாக எய்ய முடியாது.

7. கட்டுதலும் ஏறுதலும்

பெரும்பாலான விபத்துகள் ஏறும்போதும் இறங்கும்போதும், ஏணியிலிருந்து மேடைக்குக் கால் மாற்றும்போதும் நடக்கின்றன. மேடையில் உட்கார்ந்த பிறகு வாரை மாட்டிக்கொள்வது இதனால்தான் போதாது. கால் தரையை விட்ட கணத்திலிருந்து திரும்பத் தரையைத் தொடும் வரை கயிற்றோடு இணைந்திருக்க வேண்டும்.

முதலில் பரணைக் கட்டும்போதும் மரத்தைச் சுற்றிப் போட்டு ஹார்னஸோடு இணைக்கும் வார் வேண்டும். கட்டி முடித்ததும் மேலிருந்து தரை வரை பாதுகாப்புக் கயிற்றைத் தொங்கவிட்டு, அதில் உள்ள ப்ரூசிக் முடிச்சோடு ஹார்னஸை இணையுங்கள். ஏற ஏற முடிச்சைக் கையால் மேலே தள்ளலாம், விழுந்தால் அது இறுகிப் பிடிக்கும். மேடையில் இணைப்பு வார் தலை உயரத்தில் இருக்கட்டும், உட்காரும்போது தொய்வு கிட்டத்தட்ட இருக்கக் கூடாது. தொய்வு இருந்தால் அந்த அளவுக்கு விழுந்த பிறகே வார் பிடிக்கும். விழுந்து தொங்க நேர்ந்தால் தொடையில் ரத்த ஓட்டம் தடைபடும், அதிக நேரம் தொங்குவது உயிருக்கே ஆபத்து. கால் ஊன்றி எழ உதவும் சிறு வார் ஹார்னஸோடு வரும். அதைப் பயன்படுத்தும் முறையைத் தரைக்கு ஓரடி மேலே பழகிவையுங்கள்.

படிகளின் உச்சி மேடையைவிட உயரமாக இருக்க வேண்டும், மேலிருந்து மேடைக்கு இறங்கி நிற்பதே பாதுகாப்பு. எப்போதும் இரண்டு கை ஒரு கால், அல்லது ஒரு கை இரண்டு கால் பிடிப்பில் இருக்கட்டும். வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறவே கூடாது. அம்புமுனைகள் கூட்டுக்குள் மூடியிருக்க, உட்கார்ந்து வாரை மாட்டிய பிறகு கயிற்றால் இழுத்துக்கொள்ளுங்கள். எந்த மரத்தில், எப்போது வரை இருப்பீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். கைபேசியைப் பையில் போடாமல் சட்டைப் பையில் வைத்திருங்கள்.

8. எய்யும் வழிகளை ஒதுக்குதல்

பொது நிலத்தில் கிளை வெட்டக் கூடாது, இருக்கும் இடைவெளியை வைத்தே மரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தனியார் நிலத்தில் அனுமதியோடு இரண்டு மூன்று குறுகிய வழிகள் போதும். அகலமாக வெட்டினால் மான் அந்தத் திறப்பைச் சந்தேகிக்கும், உங்கள் மறைவும் போகும். மேலே நீங்கள் உட்கார்ந்து வழிகாட்ட, கீழே ஒருவர் வெட்டுவதே முறை. தனியாக வெட்டுகிறவர்கள் தேவைக்கு இரு மடங்கு வெட்டிவிடுகிறார்கள். விரல் பருமன் கிளையே அம்பைத் திருப்பிவிடும் என்பதால் அம்பு செல்லும் கோட்டை மட்டும் கவனமாகப் பாருங்கள்.

9. மேலிருந்து எய்து பழகுதல்

தரையில் நின்று துல்லியமாக எய்கிறவர் பரணில் ஏறியதும் மேலே எய்துவிடுவார். காரணம், கையை மட்டும் தாழ்த்திக் குறிபார்ப்பது. நாணை முதலில் நேர் எதிரே பார்த்து இழுத்து, பிறகு இடுப்பிலிருந்து குனியுங்கள். கையும் தோளும் தரையில் எய்யும்போது இருந்த அதே வடிவத்தில் இருக்கும். பருவத்துக்கு முன் ஹார்னஸும் வேட்டை உடையும் போட்டு, உட்கார்ந்தும் நின்றும் பழகுங்கள். தடித்த மேலாடையின் கையில் நாண் உரசுவது அங்கேதான் தெரியவரும்.

தூரத்தைக் கிடைமட்டமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். 20 அடி மேடையிலிருந்து 20 கெஜத்து மானுக்குச் சாய்கோட்டுத் தூரம் 21 கெஜம், வித்தியாசம் பெரிதில்லை. ஆனால் 5 கெஜத்தில் நிற்கும் மானுக்குத் தூரமானி 9 கெஜம் காட்டும். சாய்வைத் திருத்திக் காட்டும் தூரமானி இருந்தால் தொல்லையில்லை. இல்லாவிட்டால் தரையில் நின்று மரத்தடியிலிருந்து சில அடையாளங்களுக்கு அளந்துவையுங்கள்.

குறியையும் மாற்றிப் பாருங்கள். அம்பு எங்கே நுழையும் என்று யோசிக்காமல் எங்கே வெளியேற வேண்டும் என்று யோசியுங்கள். மறுபக்க முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், மார்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் அம்பு வெளியேறுமாறு பார்த்தால், நுழைய வேண்டிய இடம் தரையில் பழகியதைவிடச் சற்று மேலே அமையும்.

10. முதல் மாலைக்குப் பிறகு

கட்டிய பரணில் அவசரமாக உட்காராதீர்கள். ஆகஸ்டில் கட்டிவிட்டுக் காற்று பொருந்தும் முதல் குளிர் மாலைக்காகக் காத்திருங்கள். ஒரு பரணில் புதிதாக உட்காரும் முதல் தடவைதான் மானைக் காண அதிக வாய்ப்பு. ஒவ்வொரு தடவையும் தரையில் கொஞ்சம் வாசனையை விட்டே வருகிறீர்கள்.

மான்கள் தொடர்ந்து நாற்பது கெஜம் தள்ளியே நடந்தால், எய்யும் தூரத்தை நீட்ட முயலாமல் பரணை நகர்த்துங்கள். ஒரு மான் அண்ணாந்து பார்த்துவிட்டால் அடுத்த முறையும் அதே மரத்தை அது அண்ணாந்து பார்க்கும். மறைவைக் கூட்டுங்கள், இல்லையேல் வேறு மரம்.

பருவம் முடிந்ததும் பரணையும் பட்டைகளையும் கழற்றிக் கொண்டுவந்துவிடுங்கள். மரம் பருக்கும்போது பட்டை இறுகித் தெறிக்கும் நிலைக்கு வரும். வெயில் அதன் நூலை மக்கச்செய்யும், அணில் கடிக்கும். அடுத்த ஆண்டு கட்டும் முன் ஒவ்வொரு பட்டையையும் கையால் தடவிப் பாருங்கள், பிரிந்த நூல் தென்பட்டால் மாற்றுங்கள். ஹார்னஸில் தைத்திருக்கும் காலாவதித் தேதியையும் அப்போதே பார்த்துவிடலாம்.